எந்த ஸ்லாட்டுக்கு எந்த ராம்

ராம் மாட்டுவது இரண்டு நிமிட வேலை. கையில் ஸ்குரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த யாரும் செய்துவிடலாம். அதற்கு முன்னால் நடக்கவேண்டிய வேலைதான் பெரிது: இந்த ஆளுக்கு ராம் தேவைதானா, தேவையென்றால் எவ்வளவு, அவர் வைத்திருக்கும் போர்டு அதை ஏற்றுக்கொள்ளுமா. தூத்துக்குடியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்து பிழைக்கும் நான், இந்தக் கேள்விகளுக்குப் பதில் தெரியாமல் எந்தப் பெட்டியையும் திறப்பதில்லை.

"தம்பி, சிஸ்டம் ரொம்ப ஸ்லோவா கெடக்கு. ராம் ஒண்ணு கூட்டிப் போட்டு விடுங்க" என்று சொல்லிக்கொண்டேதான் பலர் சிபியுவை மேசைமேல் வைப்பார்கள். "போட்டுருவோம் அண்ணாச்சி, அதுக்கு முன்னாடி நீங்க தெனமும் பாக்குற வேலைய என் முன்னால ஒரு தடவ பாருங்க" என்று அவரையே உட்காரவைப்பேன். உப்பு வியாபாரியின் கணக்கப்பிள்ளை என்றால் டாலியைத் திறப்பார், எக்செல் திறப்பார், ஜிஎஸ்டி பக்கம், பேங்க் பக்கம், வாட்ஸ்அப் என்று வரிசையாக வரும். நான் டாஸ்க் மேனேஜரை ஒரு ஓரத்தில் திறந்துவைத்து மெமரிக் கோட்டையும் டிஸ்க் கோட்டையும் மட்டும் பார்த்துக்கொண்டிருப்பேன்.

ராம் தீர்ந்துபோனால் விண்டோஸ் நின்றுவிடாது. உடனே தேவைப்படாததை டிஸ்கில் எழுதிவைத்து இடம் பண்ணிக்கொள்ளும். தேவைப்படும்போது மறுபடி அங்கிருந்து எடுக்கும். ராமிலிருந்து ஒரு தகவல் வந்துசேர நூறு நானோ செகண்டு போதும். சுழலும் ஹார்ட் டிஸ்கில் தலை நகர்ந்து, இடம் தேடி, எடுத்துவர பத்து மில்லி செகண்டு வரை ஆகும். லட்சம் மடங்கு வித்தியாசம். மவுஸை அழுத்திவிட்டு மனிதர் காத்திருப்பது அந்த இடைவெளிக்குள்தான். எனவே மெமரிக் கோடு உச்சியில் ஒட்டிக்கொண்டு, அதே நேரம் டிஸ்க்கும் நூறு சதவீதத்தில் நின்றால் ராம் பற்றாக்குறை உண்மை. மெமரி பாதிகூட நிரம்பாமல் டிஸ்க் மட்டும் நூறில் நின்றால், எத்தனை ஜிபி ராம் போட்டாலும் அவர் வீட்டுக்குப் போய் அதே ஸ்லோவைத்தான் பார்ப்பார். அவருக்கு வேண்டியது எஸ்எஸ்டி. ராம் கேட்டு வந்தவருக்கு ராமை விற்று அனுப்புவது எளிது. ஆனால் ஒரு மாதச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டு வந்த காசு அது. வேலைக்கு ஆகாத பொருளை அவர் கையில் கொடுத்து அனுப்ப எனக்கு மனசு வராது.

நான் வேலை பழகிய தொண்ணூறுகளின் கடைசியில் இந்தக் குழப்பம் கிடையாது. அப்போது எல்லா மிஷினிலும் ராம் பற்றாக்குறைதான். விண்டோஸ் 98 ஓடும் மிஷினில் 32 எம்பி இருக்கும், வசதியானவர் 64 வைத்திருப்பார். எனக்கு வேலை சொல்லிக்கொடுத்த அண்ணன் கடையில் 72 பின் சிம் வகை ராம்களும், புதிதாக வந்த 168 பின் எஸ்டிராம்களும் ஒரே டப்பாவில் கிடக்கும். பழைய பெண்டியம் மிஷினில் சிம் ராமை ஒற்றையாகப் போட்டால் மிஷின் எழும்பாது; ஜோடியாகத்தான் போடவேண்டும். ஏன் என்று கேட்டேன். "ப்ராசஸருக்கு ஒரு நேரத்துல 64 பிட் வேணும்டே. இந்த ஸ்டிக்கு 32தான் குடுக்கும். அப்போ ரெண்டு வேணுமா வேண்டாமா?" என்றார். அந்த ஒரு பதிலில் எனக்குத் தொழிலின் கதவு திறந்தது. இன்றைக்கு டூயல் சேனல் என்று இரண்டு ஸ்டிக் போடச் சொல்கிறோமே, அதன் தேவை வேறு. ஒற்றை ஸ்டிக்கிலும் மிஷின் ஓடும், ஆனால் பாதை ஒன்றுதான் திறந்திருக்கும். அன்று ஜோடி இல்லாவிட்டால் உயிரே இல்லை.

ராம் கூட்டினால் மிஷின் வேகம் குறையும் என்று சொன்னால் இன்றைக்கு யாரும் நம்பமாட்டார்கள். அப்படியும் இருந்தது. இன்டெல் 430டிஎக்ஸ் சிப்செட் போட்ட போர்டுகள் 256 எம்பி வரை ராமை ஏற்கும். ஆனால் அதில் முதல் 64 எம்பிக்கு மட்டும்தான் கேஷ் என்ற வேகமான இடைநினைவு வேலை செய்யும். அதற்கு மேலிருக்கும் பகுதியைத் தொடும்போதெல்லாம் கேஷ் இல்லாமல் தடவித் தடவித்தான் போகும். விண்டோஸ் 98 தன் வேலையை ராமின் மேல் முனையிலிருந்து தொடங்கும் பழக்கம் உள்ளது. அதாவது 128 எம்பி போட்டால் கேஷ் இல்லாத பகுதியில்தான் விண்டோஸே போய் உட்காரும். ஆசையாகக் காசு செலவழித்து ராம் கூட்டியவர், முன்னால் இருந்ததே தேவலை என்று சொல்ல இதுதான் காரணம். போர்டு எவ்வளவு ஏற்கும் என்பதும் எவ்வளவை ஒழுங்காகப் பயன்படுத்தும் என்பதும் வேறு வேறு என்பதை இந்த போர்டுகள் எனக்குச் சொல்லிக்கொடுத்தன.

அடுத்து வந்த 440பிஎக்ஸ் அருமையான சிப்செட். பெண்டியம் 2, பெண்டியம் 3 மிஷின்களில் அது ஓடிய ஓட்டத்தை நினைத்தால் இப்போதும் மரியாதை வரும். ஆனால் அதற்கும் ஒரு குணம் உண்டு. 256 எம்பி ஸ்டிக் போட்டால் சில மிஷினில் 256 காட்டும், சிலதில் 128தான் காட்டும். ஸ்டிக் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொண்டுவருவார்கள். ஸ்டிக்கில் குறையே இருக்காது. ஒரே பக்கம் எட்டு சிப் வைத்த ஸ்டிக்காக இருந்தால் ஒவ்வொரு சிப்பும் 256 மெகாபிட். அந்த அடர்த்தியை 440பிஎக்ஸுக்குப் படிக்கத் தெரியாது, பாதியைத்தான் பார்க்கும். இரண்டு பக்கமும் சேர்த்து பதினாறு சிப் உள்ள ஸ்டிக்காக இருந்தால் ஒவ்வொன்றும் 128 மெகாபிட், முழுசும் தெரியும். ராமைக் கையில் வாங்கியதும் ஸ்டிக்கரைப் படிக்கும் முன்பே கறுப்புச் சிப்புகளை எண்ணும் பழக்கம் எனக்கு அப்போது வந்தது. பல வருஷம் கழித்து ஜி41 போர்டுகள் வந்தபோது அதே பழக்கம் மறுபடி கைகொடுத்தது. டிடிஆர்3 வகை ஜி41 போர்டில் 4 ஜிபி ஸ்டிக் ஏறும், ஆனால் பதினாறு சிப் உள்ளதாக இருக்கவேண்டும். எட்டு சிப் உள்ள 4 ஜிபி ஸ்டிக்கைப் போட்டால் பெரும்பாலும் டிஸ்ப்ளேவே வராது. தலைமுறை மாறினாலும் கேள்வி மாறவில்லை.

ராம்பஸ் என்றொரு வகையைப் பற்றி இப்போதைய பையன்களுக்குத் தெரியாது. 2000 கடைசியில் பெண்டியம் 4 வந்தபோது இன்டெல் 850 சிப்செட்டோடு வந்தது. அதையும் ஜோடியாகப் போடவேண்டும். காலியாக இருக்கும் ஸ்லாட்டில்கூட சிப் இல்லாத வெற்று அட்டையைச் செருகி வழியை மூடவேண்டும். இல்லாவிட்டால் மிஷின் எழும்பாது. விலையும் தாங்கமுடியாதது. எங்கள் ஊருக்கு அபூர்வமாகத்தான் வந்தது, வந்தவேகத்தில் மறைந்தும் போனது.

ராம் விலை எங்கள் கையில் இல்லை, டீலர் கையிலும் இல்லை என்பது 1999இல் புரிந்தது. அந்த வருஷம் செப்டம்பர் 21 அன்று தைவானில் பெரிய பூகம்பம். தூத்துக்குடியில் ஒரு கடைக்கும் தைவானில் பூமி ஆடியதற்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அடுத்த வாரம் டீலர் சொன்ன விலைதான் தொடர்பு. 2013 செப்டம்பரில் சீனாவின் வூஷியில் இருக்கும் எஸ்கே ஹைனிக்ஸ் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோதும் அப்படித்தான். ராம் சிப் செய்யும் பெரிய கம்பெனிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். அதில் ஒருவருக்கு இருமல் வந்தால் எங்களுக்கெல்லாம் காய்ச்சல். இன்று காலை சொன்ன விலையை நாளைக்கும் கொடுப்பேன் என்று நான் யாருக்கும் வாக்குக் கொடுப்பதில்லை, அதை முன்கூட்டியே சொல்லியும் விடுவேன்.

எங்கள் ஊர் போட்டோ ஸ்டூடியோக்காரர்களிடம் நான் கற்றது அதிகம். கல்யாணத்துக்கு கரிஷ்மா ஆல்பம் வந்த காலத்திலிருந்து அவர்களுக்கு மெமரிப் பசி தீரவேயில்லை. ஒரு விரிப்பு பக்கம், அதில் அடுக்கு அடுக்காகப் பத்துப் பதினைந்து படம், பின்னணி, பூ, பார்டர். ஒரு பிஎஸ்டி ஃபைலே நூற்றுக்கணக்கான எம்பி வரும். ஒரு ஸ்டூடியோ அண்ணாச்சி இன்டெல் 945 போர்டில் 2 ஜிபி வைத்திருந்தார். 4 ஜிபி ஆக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். "அண்ணாச்சி, நாலு போட்டாலும் உங்களுக்கு மூணேகால்தான் தெரியும், பாத்துக்கிடுங்க" என்றேன். "அது என்ன தம்பி, காசு நாலுக்கு வாங்குவான், கணக்கு மூணேகாலா?" என்று கோபப்பட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி. 32 பிட் விண்டோஸ் எண்ணக்கூடிய முகவரிகள் மொத்தம் 4 ஜிபிக்குத்தான். அதில் கிராஃபிக்ஸ் கார்டு, மற்ற சாதனங்கள் எல்லாவற்றுக்கும் முகவரி ஒதுக்கவேண்டும். ஒதுக்கியது போக மிச்சம்தான் ராமுக்கு. 64 பிட் விண்டோஸ் போட்டுக்கொள்ளலாமே என்றால், 945 சிப்செட்டுக்கு அந்த மறைந்துபோன பகுதியை 4 ஜிபிக்கு மேலே தள்ளிவைக்கும் வசதியே கிடையாது.

அவருக்கு நான் சொன்ன வழி, அந்த மிஷினில் காசு போடாமல் கொஞ்சம் பொறுத்து போர்டையே மாற்றுவது. 64 பிட்டில் ஓடும் போட்டோஷாப் விண்டோஸுக்கு வந்ததே 2008இல் சிஎஸ்4 பதிப்பில்தான். அதற்கு முந்தின பதிப்பை வைத்துக்கொண்டு 8 ஜிபி ராம் போட்டாலும் போட்டோஷாப் அதில் பாதியைக்கூட எடுத்துக்கொள்ளாது. போர்டு, விண்டோஸ், போட்டோஷாப் மூன்றும் 64 பிட்டுக்கு மாறியபிறகு 8 ஜிபி போட்டுக்கொடுத்தேன். அன்று ராத்திரி அவர் போன் போட்டு, நாற்பது பக்க ஆல்பத்தையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்திருப்பதாகச் சொன்னார். அந்தக் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கு இன்னும் கேட்கிறது. அவர் மகன் இப்போது அதே ஸ்டூடியோவில் 64 ஜிபி வைத்து வீடியோ எடிட்டிங் செய்கிறான்.

இனி வாங்கும் விஷயம். பெட்டியைத் திறக்காமலேயே பாதித் தகவல் கிடைத்துவிடும். சிபியு-இசட் என்ற சின்ன புரோகிராமில் போர்டின் மாடல், இப்போது இருக்கும் ராமின் வகை, வேகம் எல்லாம் தெரியும். ஸ்டிக்கிலேயே ஒரு குட்டிச் சிப்பில் அதன் ஜாதகம் எழுதியிருக்கும். பயாஸும் அதைத்தான் படிக்கிறது. ஆனால் சாஃப்ட்வேர் சொல்லும் ஸ்லாட் எண்ணிக்கையை மட்டும் நான் நம்பமாட்டேன். சில லேப்டாப்பில் இரண்டு ஸ்லாட் என்று காட்டும்; திறந்தால் ஒன்று போர்டோடு சோல்டர் ஆகியிருக்கும். மூடியைக் கழற்றி ஒருமுறை கண்ணால் பார்த்தபிறகுதான் ஆர்டர்.

டிடிஆர் தலைமுறைகளைக் கலந்து போடவே முடியாது. ஒவ்வொன்றுக்கும் நடு வெட்டு வேறு இடத்தில் இருக்கும், மின்னழுத்தமும் வேறு. எஸ்டிராம் 3.3 வோல்ட், டிடிஆர் 2.5, டிடிஆர்2 1.8, டிடிஆர்3 1.5, டிடிஆர்4 1.2, டிடிஆர்5 1.1 என்று இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. வெட்டு தடுக்காத இடங்களில்தான் ஆபத்து. டிடிஆர்3, டிடிஆர்3எல் இரண்டுக்கும் வெட்டு ஒரே இடம், லேப்டாப்பில் 204 பின்னும் ஒன்றே. ஆனால் எல் போட்டது 1.35 வோல்ட்டில் ஓடக்கூடியது. அந்த வோல்ட்டை மட்டுமே கொடுக்கும் லேப்டாப்பில் சாதா டிடிஆர்3யைச் செருகினால் அழகாக உட்காரும், திரை மட்டும் கறுப்பாக இருக்கும். மாற்றிப் போட்டால் பெரும்பாலும் பிரச்சினை இல்லை. எல் வகை 1.5 வோல்ட்டிலும் ஓடும். அதனால் நான் டிடிஆர்3 லேப்டாப் ராம் வாங்கிவைத்தால் எல் வகைதான் வாங்குவேன்.

சர்வர் ராம் இன்னொரு வலை. கழித்த சர்வர்களிலிருந்து வரும் 16 ஜிபி, 32 ஜிபி டிடிஆர்4 ஸ்டிக்குகள் ஆசைப்படும் விலையில் கிடைக்கும். பின் 288தான், டெஸ்க்டாப் ஸ்லாட்டில் நுழையவும் செய்யும். ஆனால் சர்வரில் வரும் இந்த ரிஜிஸ்டர்டு வகை சாதாரண டெஸ்க்டாப் போர்டில் ஓடாது. ஸ்டிக்கின் நடுவில் மற்ற சிப்களோடு ஒட்டாமல் தனியாக ஒரு சிப் உட்கார்ந்திருந்தால் சந்தேகப்படவேண்டும். கல்லூரிப் பையன்கள் ஆன்லைனில் வாங்கிக்கொண்டு வந்து நிற்கும்போது பாவமாக இருக்கும். அவர்களிடம் கோபப்பட்டுப் பயனில்லை. எந்தப் பக்கத்தில் எந்த எழுத்தைப் பார்க்கவேண்டும் என்று உட்காரவைத்துச் சொல்லித்தருவேன்.

வேகத்திலும் காசு வீணாகும். எச்310 போர்டு 2666க்கு மேல் போகாது. அதில் 3200 ராம் போட்டாலும் 2666இல்தான் ஓடும். பழைய 2400 ஸ்டிக்கோடு புது 3200 ஸ்டிக்கைச் சேர்த்தால் இரண்டும் 2400இல் ஓடும். கெட்டுப்போகாது, ஆனால் கொடுத்த காசுக்கு வேகம் இல்லை. விளையாட்டு மிஷினுக்கென்று 3600 ராம் வாங்குகிறவர்கள் பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை ஆன் செய்யாவிட்டால் அதுவும் குறைந்த வேகத்திலேயே கிடக்கும். வருஷக்கணக்காக அப்படியே ஓட்டிய மிஷின்கள் என்னிடம் வந்திருக்கின்றன. ஆன் செய்துவிட்டுக் காசு வாங்காமல் அனுப்பிவைப்பேன்.

சரக்குக்கு எங்களுக்குப் போக்கிடம் சென்னை மவுண்ட் ரோடு பக்கமிருக்கும் ரிச்சி ஸ்ட்ரீட். முன்பெல்லாம் முத்துநகர் எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறி, காலையில் எழும்பூரில் இறங்கி, நாள் முழுக்கச் சுற்றி வாங்கிக்கொண்டு அன்றைக்கே திரும்பும் வண்டியைப் பிடிப்பேன். இப்போது போன் போட்டால் கூரியரில் வந்துவிடுகிறது. ஆனாலும் நேரில் போய் வாங்கிய காலத்தில்தான் கண்ணுக்குப் பயிற்சி கிடைத்தது. பழைய சிப்பின் எழுத்தைத் தேய்த்து அழித்து மேலே புது எழுத்து அடித்த ஸ்டிக்குகள் சந்தையில் எப்போதும் உண்டு. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் சிப்பின் மேற்பரப்பு ஒன்றுக்கொன்று வித்தியாசப்படும். தங்கப் பின்களில் ஏற்கெனவே ஸ்லாட்டில் ஏறி இறங்கிய கோடுகள் இருக்கும். புதுசு என்று சொல்லும் ஸ்டிக்கில் கோடு எப்படி வரும்? பில்லில் சீரியல் நம்பர் எழுதித் தராத இடத்தில் நான் வாங்குவதில்லை. வாரண்டி என்பது வாய்ப்பேச்சு இல்லை. அந்த நம்பர்தான் வாரண்டி.

எங்கள் ஊருக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. கடல் காற்று. மூன்று பக்கமும் உப்பளம், ஒரு பக்கம் துறைமுகம். கடற்கரையை ஒட்டிய ஷிப்பிங் ஆபீஸ்களில் ஏசி போட்ட அறைக்குள் இருக்கும் மிஷின்கூட இரண்டு மழைக்காலம் கழிந்தால் நோ டிஸ்ப்ளே என்று வந்துவிடும். ஃபேன் சுற்றும், லைட் எரியும், திரையில் ஒன்றும் வராது. அல்லது நீளமாக விட்டு விட்டு பீப் அடித்துக்கொண்டே இருக்கும். ஸ்பீக்கர் இணைத்த போர்டாக இருந்தால் அந்தச் சத்தத்திலேயே ராம் என்று தெரிந்துவிடும். ராமைக் கழற்றினால் பின்களில் மங்கலான படலம் படிந்திருக்கும். மென்மையான வெள்ளை ரப்பரால் ஒரே திசையில் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்து, ஸ்லாட்டையும் பிரஷால் தட்டிவிட்டு மாட்டினால் பெரும்பாலும் எழும்பிவிடும். ரப்பர் துகள் ஸ்லாட்டுக்குள் விழக்கூடாது. அதனால் ராமை மேசைக்கு வெளியே பிடித்துத்தான் தேய்க்கவேண்டும். சொரசொரப்பான மை ரப்பரால் தேய்த்தால் தங்க முலாமே போய்விடும், அதற்குப்பிறகு அந்த ஸ்டிக் எங்கள் ஊர்க் காற்றுக்கு நிற்காது. எறும்பு, கரப்பான் முட்டை, ஒருமுறை பல்லி என்று ஸ்லாட்டுக்குள்ளிருந்து நான் எடுத்தவற்றைச் சொன்னால் சாப்பிட முடியாது. இவற்றையெல்லாம் புது ராம் போட்டுச் சரிசெய்ததாகப் பில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது எனக்கு அறவே பிடிக்காது.

மாட்டும்போது நான் விடாமல் செய்வது இவ்வளவுதான். சுவிட்சை அணைத்தால் போதாது, பவர் கேபிளையே உருவவேண்டும். கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் போர்டுக்கு 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் போய்க்கொண்டிருக்கும். பல போர்டில் அதற்கென்று ஒரு சின்ன லைட் எரியும். கேபிளை உருவியபிறகு பவர் பட்டனைச் சில விநாடி அழுத்திப்பிடித்தால் மிச்சமும் வடியும், லைட் அணையும். பிறகு பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியைத் தொட்டுக்கொண்டு வேலை. எங்கள் ஊர் ஈரக்காற்றில் நிலைமின்சாரம் அவ்வளவாகச் சேராது, ஆனால் ராத்திரி பகலாக ஏசி ஓடும் அறைகளில் சேரும். ஸ்டிக்கை ஓரத்தில்தான் பிடிக்கவேண்டும், பின்னில் விரல் படக்கூடாது, வியர்வையும் உப்புதான்.

நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ஸ்டிக் போடுவதென்றால் ப்ராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலான போர்டுகளில் சரியான இடம். பக்கத்துப் பக்கத்து ஸ்லாட்டில் போட்டுவிட்டு டூயல் சேனல் வரவில்லை என்பார்கள். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மிஷினில் இந்த ஒரு மாற்றத்திலேயே திரை வேகம் கண்ணுக்குத் தெரியும். காரணம், திரைக்கான நினைவையும் அது ராமிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. இரு முனையிலும் கட்டைவிரல் வைத்து நேராக அழுத்தினால் 'டக்' என்று கிளிப் தானாக மூடும். கிளிப்பை நாமாகத் தள்ளி மூடவேண்டி வந்தால் ராம் முழுசாக உட்காரவில்லை என்று அர்த்தம். லேப்டாப்பில் ஸ்டிக்கைச் சாய்வாக நுழைத்து, பின்கள் கண்ணுக்கு மறைந்தபிறகு கீழே அழுத்தினால் இரு பக்க ஸ்பிரிங்கும் கவ்விக்கொள்ளும். பேட்டரியின் இணைப்பை முதலில் கழற்றவேண்டும் என்பதைப் புதிதாக வேலைக்கு வரும் பையன்களுக்கு தினமும் சொல்வேன்.

மாட்டியதும் விண்டோஸ் எழும்பிவிட்டால் வேலை முடிந்தது என்று கொடுத்து அனுப்பமாட்டேன். ராத்திரி மெம்டெஸ்ட் என்ற ராம் சோதனை புரோகிராமை ஓடவிட்டு, காலையில் ஒரு சிவப்பு வரிகூட இல்லாவிட்டால்தான் மிஷின் வெளியே போகும். ராமில் ஒவ்வொரு பிட்டும் ஒரு நுண்ணிய கெபாசிட்டரில் நிற்கும் மின்னேற்றம். அது கசிந்துகொண்டே இருப்பதால் 64 மில்லி செகண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் புதுப்பித்தாகவேண்டும். கோடிக்கணக்கான செல்களில் ஒன்று மட்டும் சீக்கிரம் கசிந்தால், அந்த இடத்தில் உங்கள் கணக்கு ஃபைல் வந்து உட்காரும் நாளில்தான் தெரியும். ப்ளூ ஸ்கிரீன் வந்தால்கூட நல்லது, கண்டுபிடித்துவிடலாம். சத்தமில்லாமல் ஃபைலைக் கெடுத்து, அந்தக் கெட்ட ஃபைலையே பேக்கப்பும் எடுத்துவைத்தால்? கல்யாணப் படங்களையும் வருஷக் கணக்கையும் நம்பி என்னிடம் தருகிறார்கள். ஒரு ராத்திரி காத்திருக்கச் சொல்வதற்கு நான் தயங்குவதில்லை.

2011இல் தமிழக அரசு பிள்ளைகளுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கத் தொடங்கியபிறகு என் கடைக்கு வருகிறவர்களே மாறினார்கள். மீனவர் வீட்டுப் பிள்ளைகள், உப்பளத் தொழிலாளி வீட்டுப் பிள்ளைகள், அந்த வீட்டின் முதல் கம்ப்யூட்டரைச் சாக்குப்பைக்குள் பத்திரமாகச் சுற்றிக்கொண்டு வருவார்கள். 2 ஜிபி ராமோடு வந்தவை பல. பாலிடெக்னிக்கில் ஆட்டோகேட் படிக்கும் பிள்ளைக்கு அது போதாது. மற்ற மிஷின்களிலிருந்து கழற்றி, மெம்டெஸ்டில் தேறிய 2 ஜிபி ஸ்டிக்குகளை ஒரு டப்பாவில் சேர்த்துவைத்திருந்தேன். அவர்களுக்கு அதிலிருந்துதான் போட்டுக்கொடுப்பேன். "அண்ணே, எவ்வளவு?" என்று பயந்துகொண்டே கேட்பார்கள். கையில் இருப்பதைக் கொடு என்பேன். அந்த லேப்டாப்பில் படித்து வேலைக்குப் போன ஒரு பெண் பிள்ளை இப்போது புது லேப்டாப் வாங்கும்முன் எனக்கு போட்டோ அனுப்பி யோசனை கேட்கிறாள்.

அவளுக்குச் சொல்லும் யோசனை இப்போது மாறியிருக்கிறது. மெலிதான லேப்டாப்களில் ராமை போர்டோடு சோல்டர் செய்துவிடுகிறார்கள். வேகத்துக்கும் பேட்டரிக்கும் அதில் நன்மை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் ஐந்து வருஷம் கழித்து ஒரு ஸ்டிக்கைச் சேர்த்து அந்த மிஷினின் ஆயுளை இன்னும் ஐந்து வருஷம் நீட்டும் வழி அடைபட்டுவிட்டது. இதில் எனக்கு வருத்தம் உண்டு. என் வருமானத்துக்காக அல்ல, புது மிஷின் வாங்க முடியாதவர்கள் என் ஊரில் அதிகம் என்பதற்காக.

இப்போது விலையும் சேர்ந்துகொண்டது. செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் ராம் சிப்களை அள்ளிக்கொண்டு போவதால் 2025 கடைசியில் ஏறிய விலை, தைவான் பூகம்பத்தின்போது நான் பார்த்ததையும் மிஞ்சியது. அந்த டிசம்பரில் மைக்ரான் கம்பெனி, கடைகளில் விற்கும் தன் க்ரூஷியல் ராம் வியாபாரத்தையே நிறுத்துவதாக அறிவித்தது. பல வருஷம் நான் நம்பி மாட்டிய பெயர் அது. டப்பாவில் கிடக்கும் பழைய டிடிஆர்4 ஸ்டிக்குகளை இப்போது ஒவ்வொன்றாகத் துடைத்து, டெஸ்ட் செய்து, மேலே தேதி எழுதிவைக்கிறேன்.

லேப்டாப் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது இது. சோல்டர் வகையென்றால் இன்றைய தேவையைப் பார்க்காதீர்கள். 16 ஜிபிக்குக் குறைந்து வாங்காதீர்கள், ஏனென்றால் பிறகு கூட்ட முடியாது. ஸ்லாட் உள்ள மாடல் கிடைத்தால் அதையே எடுங்கள். ஒரே ஸ்டிக்காக 8 ஜிபி வாங்கிக்கொண்டு மற்ற ஸ்லாட்டைக் காலியாக விடுங்கள். விலை இறங்கும்போது அதே அளவில் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். டிடிஆர்5 மிஷினில் புது ராம் போட்டு முதல் தடவை ஆன் செய்யும்போது திரை சில நிமிஷம் கறுப்பாகவே இருக்கும். அந்த நேரத்தில் போர்டு ராமோடு நேரக் கணக்கைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறது. பயந்துபோய் நடுவில் அணைத்துவிடாதீர்கள். பத்து நிமிஷம் தாண்டியும் ஒன்றும் வராவிட்டால் எனக்கு போன் போடுங்கள்.